ஆறு முப்பத்தொன்றுக்கு வருகிறவன்

நிலவனுக்கு முப்பத்தேழு வயது. சொந்த ஊர் பென்னலூர், வேலை ஒரகடத்தில். கார் கதவுக்குக் கைப்பிடி செய்து, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்புகிற கம்பெனி ஒன்றில் அவன் சிஸ்டம் ஆள். சிஸ்டம் ஆள் என்றதும் டை கட்டிக்கொண்டு ஏசி அறையில் கால்மேல் கால் போட்டு உட்காருகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். பிரின்டரில் பேப்பர் சிக்கினால் நிலவன், கேன்டீன் டிவியில் படம் தெரியவில்லை என்றால் நிலவன், பெரிய மேனேஜர் பாஸ்வேர்டை மறந்தால் நிலவன். கூப்பிடுகிற எல்லோருக்கும் அவனிடம் ஒரே பதில்தான்: "தோ, வந்துகினே கீறேன்." சொல்லும்போது பாதி நேரம் நாற்காலியை விட்டு எழுந்தே இருக்க மாட்டான். தங்கமான மனுஷன்தான், ஆனால் இந்த ஒரு சீக்கு அவனுக்கு.

இந்தச் சீக்குதான் பலராமனைக் கொன்றது என்று அவன் நம்பினான்.

பலராமன் அதே தெரு, அதே பள்ளிக்கூடம், கடைசியில் அதே கம்பெனி. தேய்ப்புப் பிரிவில் வேலை. உப்புத்தாளைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கைப்பிடிகளைத் தேய்க்க வேண்டும். பதினான்கு வருஷம் தேய்த்தால் கைப்பிடி மட்டுமா தேயும்? விரலும் சேர்ந்து தேய்ந்தது. கேட்டில் இருக்கிற தம்ப் மிஷினில் கட்டை விரலை வைத்தால் ஆறு தடவை, ஏழு தடவை சிவப்பு விளக்குதான் எரியும். "ஏன்டா, எங்கப்பனே என்னைய இவ்ளோ சந்தேகப்பட்டதில்ல" என்று மிஷினைத் திட்டிக்கொண்டே மறுபடி வைப்பான்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அது ஒரேயடியாக மறுத்துவிட்டது. வெளியே போகிற பதிவு விழாவிட்டால் அன்றைக்கு அரை நாள் லீவு என்று எழுதிவிடுவார்கள். பலராமன் போன் போட்டான். "மச்சான், மிஷின் என்னைய எடுக்க மாட்டேங்குது. சீக்கிரம் வாடா, அஞ்சேகால் பஸ்ஸு கிளம்பிடும்." நிலவன் அப்போது கேன்டீனில் போண்டா தின்றுகொண்டிருந்தான். "தோ, வந்துகினே கீறேன்" என்றான். இரண்டாவது போண்டாவையும் முடித்து, டீயையும் குடித்துவிட்டுப் போனபோது பஸ் போய்விட்டது. பலராமன் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "போண்டா எப்டி?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, இரண்டாம் ஷிப்ட்காரன் ஒருவனின் பைக்கை வாங்கிக்கொண்டு மழையில் கிளம்பினான். வழியில் விளக்கு எரியாமல் ஒரு கன்டெய்னர் லாரி நின்றிருந்தது.

ஊரில் எல்லோரும் விதி என்றார்கள். நிலவனுக்கு அது விதி இல்லை, போண்டா. அதன் பிறகு அவன் போண்டாவைத் தொடவில்லை. தொடாமல் இருந்து என்ன, செத்தவன் எழுந்து வரவா போகிறான்?

வந்தான். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இந்த ஆவணியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் மாதக் கடைசிக்குள் தூக்கிவிட வேண்டும், இனி எல்லாம் லினக்ஸ். உத்தரவு போடுகிறவர்களுக்கு என்ன, ஒரு மெயில். இங்கே கேட்டில் இருக்கிற தம்ப் மிஷின் பழைய விண்டோஸோடு மட்டும் பேசப் பழகியது. அதைச் செய்த கம்பெனியே கடையைக் கட்டிவிட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. புது மிஷின் கேட்டால் மூன்று மாதம் போகட்டும், அடுத்த குவார்ட்டரில் பார்க்கலாம் என்றார்கள்.

கம்ப்யூட்டருக்கு ஒரு கருவியை இணைத்தால் மட்டும் போதாது. இரண்டுக்கும் நடுவில் நின்று பேசிக் கொடுக்க ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், அதற்குப் பெயர் டிரைவர். ஒடிசாவிலிருந்து வந்த ஆளுக்கும் தமிழ் சூப்பர்வைசருக்கும் நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒருத்தன் நிற்பான் பாருங்கள், அந்த மாதிரி. அவன் லீவு போட்டால் லைன் நின்றுபோகும். இந்த மிஷினுக்கு லினக்ஸில் அப்படி ஓர் ஆள் இல்லை. நிலவன் மூன்று நாள் இணையத்தில் துழாவினான். எங்கேயோ யாரோ ஒரு புண்ணியவான், இதே மிஷினின் தம்பி மாடலுக்கு எழுதி இலவசமாகப் போட்டிருந்த டிரைவர் ஒன்று அகப்பட்டது. போட்டுப் பார்த்தான், ஓடியது. ஆனால் அரைகுறைப் பாஷை. மிஷினின் நெற்றியில் பெயர் காட்டுகிற சின்னத் திரை இருந்ததே, அது இருட்டாகிவிட்டது. புது டிரைவருக்குத் திரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. விரல் வைத்தால் ஒரு பச்சை விளக்கும் ஸ்பீக்கரில் ஒரு "தேங்க் யூ"வும்தான். யார் பெயர் விழுந்தது என்பது உள்ளே வருகைக் கணக்கு வைக்கிற டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் தெரியும்.

இன்னொரு குறையும் இருந்தது. இந்த டிரைவர் வழியாக வருகிற ரேகைப் படம் மங்கல். பழைய கறாரில் ஒப்பிட்டால் பாதிப் பேருக்குச் சிவப்பு எரியும். எந்த அளவுக்கு ஒத்துப்போனால் சரி என்று விடலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு. நிலவன் அறுபதில் இருந்த அதை ஐம்பதாக்கினான், அதுவே போதும். கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, முப்பத்தைந்தாக்கினான். இனிமேல் ஒருத்தன் விரலையும் இந்தச் சனியன் மறுக்கக் கூடாது.

அத்தோடு விட்டானா? ஹெச்.ஆர். ஐஸ்வர்யா மேடம் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். இப்போது வேலையில் இருக்கிற எண்ணூற்றுப் பதின்மூன்று பேர், இவர்கள் ரேகையை மட்டும் புது கம்ப்யூட்டருக்கு மாற்றினால் போதும். மாற்றினான். பழைய கம்ப்யூட்டரை அழிக்கிறதற்கு முன் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தான். நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர், பலராமன். அந்த விரலின் படம் இந்த உலகத்தில் அங்கே ஓரிடத்தில்தான் மிச்சம் இருந்தது. அழிக்கிற பொத்தானை அமுக்கினால் அதுவும் போய்விடும். நிலவனால் முடியவில்லை. எண்ணூற்றுப் பதினான்காவது ஆளாக அவனையும் அதே பழைய நம்பரில் ஏற்றிவிட்டான். யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் புது ஏற்பாட்டைக் கண்காணிக்க விடிந்ததும் வந்து டைம் ஆபீஸில் உட்கார்ந்தான். பஸ்கள் வந்தன, பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆறு முப்பத்தொன்றுக்குத் திரையில் விழுந்த பெயர் பலராமன்.

நிலவன் எழுந்து கேட்டுக்கு ஓடினான். நாற்பது ஐம்பது பேர் தோள்பையோடு நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடை, ஹெல்மெட், இரைச்சல். பலராமன் எங்கே இருப்பான்? திரும்பி வந்து பார்த்தால் பெயர் அப்படியே இருந்தது.

இரண்டாம் நாளும் ஆறு முப்பத்தொன்று. மூன்றாம் நாள் ஆறு முப்பது.

நிலவன் படித்தவன். எங்கேயோ கோளாறு என்பது அவனுக்குத் தெரியாதா? அரை மணி நேரம் உட்கார்ந்தால் கண்டுபிடித்திருப்பான். உட்காரவில்லை. தோண்டிப் பார்த்தால் அது நின்றுபோகும் என்ற பயம். நான்காம் நாளிலிருந்து ஆறு மணிக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தான். பெயர் விழுந்ததும், பக்கத்தில் யாரும் இல்லையென்றால், "வாடா மச்சான்" என்பான். வீட்டில் மனைவி பூஜா என்ன கேட்டாலும் காதில் ஏறவில்லை. ராத்திரி தூக்கம் பாதி, சோறு பாதி. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், கேட்டால், "வேலை ஜாஸ்தி" என்றான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வருகைப் பட்டியலை அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். அதில் பலராமன் பெயருக்கு நேராக "வந்தார்" என்று இருப்பதைத் தேய்ப்புப் பிரிவில் எவனோ பார்த்துவிட்டான். ஐந்தாம் நாள் தம்ப் மிஷினுக்குக் கீழே குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் இருந்தது. ஆறாம் நாள் வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதியை மிஷினுக்கே பூசிவிட்டார்கள். அது சென்சாரில் படிந்து இருபது பேருக்குச் சிவப்பு எரிந்தது தனிக் கதை. தேய்ப்புப் பிரிவுக்காரர்கள் பலராமன் நின்ற இடத்தில் யாரையும் நிற்க விடவில்லை.

ஏழாம் நாள் பலராமனின் மனைவி லீலா போன் செய்தாள்.

"அண்ணா, அவரு டெய்லி வேலைக்கி வர்றாராமே?"

நிலவன் எழுந்து கதவைச் சாத்தினான். "பேரு காட்டுதும்மா" என்றான்.

"எத்தினி மணிக்கி?"

"ஆறரைக்கி."

"ஆறரைக்கா?" என்றாள். "அவருக்கு எட்டரை ஷிப்ட்டுதான அண்ணா? ஏழரை வரிக்கும் நான் தண்ணி தெளிச்சி எழுப்பணும். அவரு ஏன் ஆறரைக்கி வர்றாரு?"

சொல்லிவிட்டு அழுதாள். நிலவனும் அழுதான். ஆனால் அவள் கேட்ட கேள்வியை மட்டும் அவன் எடுத்துப் பார்க்கவே இல்லை.

பத்தாம் நாள் காலையில் ஆறு முப்பத்தொன்று ஆயிற்று, நாற்பது ஆயிற்று, ஏழு ஆயிற்று. பலராமன் வரவில்லை. அந்த நேரத்தில்தான் கேட் பக்கம் ஒரு பெண்ணின் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

அவள் மீனம்மாள். நாற்பத்தொன்பது வயது, ஆறு வருஷமாக அங்கே துப்புரவு வேலை, கான்ட்ராக்ட் ஆள். தேய்ப்புப் பிரிவும் கழிப்பறைகளும் அவள் பொறுப்பு. அவளுடைய கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ரத்தினம் கையில் ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு அவளை உள்ளே விடாமல் மறித்து நின்றான். அவளுடைய பாஸை வாங்கி ஏற்கெனவே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டான்.

"ஒம்போது நாளா நீ வேலைக்கே வர்லன்னு ஷீட்டு சொல்லுது. வேற ஆள் போட்டாச்சு. போம்மா, வம்பு பண்ணாத."

"இன்னாய்யா பேசுற? டெய்லி ஆறரைக்கி வந்து வெரல் வச்சேன். முன்னல்லாம் பத்து தபா வச்சாத்தான் எடுக்கும், இப்ப ஒரே தபா. பச்ச லைட்டு எரிஞ்சுது, தேங்க் யூன்னு சொல்லிச்சு. அதான உள்ள போனேன்?"

"ஷீட்ல உம் பேரு இல்ல. நா இன்னா பண்றது?"

"அப்ப அந்த ஒம்போது நாளும் யாருய்யா பெருக்குனது? கக்கூசு கழுவுனது யாரு? பேயா?"

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நிலவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறரை. ஒரே தபா. அவன் மீனம்மாளின் கையைப் பார்த்தான். ஆறு வருஷமாக ஆசிட்டிலும் பினாயிலிலும் ஊறிய கை. கட்டை விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

கான்ட்ராக்ட் ஆளின் கதை எப்போதும் இதுதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். பெர்மனென்ட் ஆளின் பெயர் ஒரு நாள் விழாவிட்டால் சிஸ்டம் கோளாறு, கான்ட்ராக்ட் ஆளுக்கு விழாவிட்டால் ஆப்சென்ட். ஆளை யாரும் பார்க்க மாட்டார்கள், பட்டியலைத்தான் பார்ப்பார்கள். இந்த இடம் போனால் மீனம்மாளுக்கு வேறு இடமும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனாலும் அங்கேயும் தம்ப் மிஷின்தான், அந்த வயதில் அந்த விரலை எவன் எடுப்பான்?

நிலவன் உள்ளே போனான். செத்தவன் பெயரில் எவனோ மோசடி செய்கிறான் என்று ஐஸ்வர்யா மேடம் ஏற்கெனவே விசாரிக்கத் தொடங்கியிருந்தார், அன்று அதற்காகவே விடிந்ததும் வந்திருந்தார். "மேடம், டைம் ஆபீஸுக்கு ஒரு நிமிஷம் வாங்க" என்றான். அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டான். "மீனம்மாக்கா, மிஷின்ல வெரல வைங்க."

அவள் ரத்தினத்தை முறைத்துக்கொண்டே வைத்தாள். வெளியே "தேங்க் யூ" என்று கேட்டது. உள்ளே பலராமன் என்று விழுந்தது.

மேடம் திரையைப் பார்த்தார், நிலவனைப் பார்த்தார். அவன் விளக்கினான். தேய்ந்த விரலுக்கும் தேய்ந்த விரலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. படமும் மங்கல், கறாரையும் குறைத்தாயிற்று. மென்பொருள் முதல் நம்பரிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே வரும், ஓரளவு ஒத்துப்போகிற முதல் ஆளோடு நின்றுவிடும். பலராமன் நூற்றுப் பன்னிரண்டு. மீனம்மாள் எழுநூற்று எண்பது. அவளுடைய நம்பர் வரைக்கும் அது போகவே இல்லை.

"அது சரி," என்றார் மேடம். "நான் குடுத்த லிஸ்ட்ல பலராமன் இல்லையே. புது சிஸ்டத்துக்குள்ள எப்படி வந்தார்?"

ஒரு சின்னப் பொய் போதும். கம்ப்யூட்டர் மாற்றும்போது தவறுதலாக வந்துவிட்டது என்று சொன்னால் அந்தக் கம்பெனியில் கேள்வி கேட்க ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது. அவன் வாய் வரைக்கும் அது வந்தது. வெளியே மீனம்மாள் இன்னும் வெயிலில் நின்றிருந்தாள்.

"நான்தான் மேடம் ஏத்துனேன். விட்டுட்டு வர மனசு வரல. கறாரையும் வேணும்னுதான் அவ்ளோ கொறச்சேன். டெய்லி அவன் பேர் விழறதப் பாத்துகினு உக்காந்திருந்தேன். இன்னா கோளாறுன்னு பாக்கணும்னு தோணுச்சு, பாக்கல. பாத்திருந்தா இந்தம்மாவுக்கு இப்டி ஆயிருக்காது."

அவருக்கும் பலராமனைத் தெரியும். இருந்தாலும், "உங்களுக்கு மெமோ கண்டிப்பா உண்டு நிலவன்," என்றார். "அதுக்கு முன்னாடி அந்தம்மா பாஸை வாங்கிக் குடுங்க."

அன்று மத்தியானம் நிலவன் பழைய பதிவுகளைத் திருத்த உட்கார்ந்தான். ஒன்பது நாள், வந்ததும் போனதும் சேர்த்து ஒன்பது வரி, கூடவே காலையில் மேடம் முன்னால் விழுந்த ஒன்று. ஒவ்வொன்றிலும் பலராமன் என்பதை எடுத்துவிட்டு மீனம்மாள் என்று அடித்தான். ஐந்தாவது வரியில் கண்ணை நீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் அடித்தான். பிறகு அந்த எண்ணை ஐம்பதுக்கு ஏற்றினான். நூற்றுப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து அழி என்றான். உறுதியா என்று கேட்டது. இவனா உறுதி? இருந்தாலும் ஆம் என்று அமுக்கினான். ஒரு நொடிகூட ஆகவில்லை, நூற்றுப் பதினொன்றுக்கு அடுத்து நூற்றுப் பதின்மூன்று வந்து நின்றது.

ஐம்பதில் மீனம்மாளின் கட்டை விரலை மிஷின் எடுக்கவில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னான். "இன்னா சார், ஜோசியம் பாக்குறீங்களா?" என்று அவள் கிண்டல் செய்தாள். இடது கை மோதிர விரலில் மட்டும் ரேகை கொஞ்சம் மிஞ்சியிருந்தது, அதில் பதிந்தது. கிளம்பும்போது நிலவன் அவளைக் கூப்பிட்டு, நடந்ததை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னான். பலராமனைப் பற்றியும் சொன்னான், போண்டாவைப் பற்றியும் சொன்னான். மன்னிப்பும் கேட்டான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவன் வர வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் ஆறு மணிக்கு வந்துவிட்டான். பெயர்கள் விழுந்தன. ஆறு முப்பத்தொன்றுக்கு மீனம்மாள் என்று விழுந்தது. சரியாகத்தான் விழுந்தது. நிலவன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஜன்னலுக்கு வெளியே வாளியும் மாப்புமாக மீனம்மாள் வந்து நின்றாள். "சார், எம் பேரு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"பின்ன ஏன் அழுவுறீங்க?"

அவனால் மறைக்க முடியவில்லை. "அவன் இன்னிக்கி வர்லக்கா."

மீனம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அவரு எங்க சார் வந்தாரு?" என்றாள். "அத்தினி நாளும் வந்தது நான்தான?"

வாளியைத் தூக்கிக்கொண்டு தேய்ப்புப் பிரிவுப் பக்கம் நடந்தாள்.